நீதிபதியின் இல்லாத மகன்

சாட்சிக் கூண்டில் ஏறிய பிறகும் அந்த அம்மா குளிர் ஜக்கற்றைக் கழற்றவில்லை. சிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் பூட்டியிருந்தார். நெற்றியில் திருநீறு. கையில் கசங்கிய ரிசுத் தாள். அன்று நீதிமன்றத்துச் சூடாக்கி பேய்த்தனமாக வேலை செய்துகொண்டிருந்தது. கறுப்பு அங்கிக்குள் எனக்கு வியர்த்து ஊற்றியது. அவருக்கு மட்டும் குளிர்.

அரச தரப்பு வழக்கறிஞர் ஓர் இளம் பெண். நல்ல பிள்ளை, குரலை உயர்த்தத் தெரியாதவள். அவள் கேட்டது ஒரேயொரு கேள்வி: உங்கள் மகன் பிணை நிபந்தனையை மீறினால் பொலிசைக் கூப்பிடுவீர்களா?

பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் அதை அட்சரம் பிசகாமல் தமிழில் சொன்னார்.

"அவன் அப்பிடிச் செய்யமாட்டான்," என்றார் அம்மா.

வழக்கறிஞர் பொறுமையாக வேறு சொற்களில் கேட்டாள். மீறினால் என்றுதான் கேட்கிறேன், மீறுவான் என்று சொல்லவில்லை என்றாள். அதற்கும் அதே பதில். மூன்றாம் தரம் கேட்டபோது அந்தப் பதிலும் வரவில்லை. அம்மா கூண்டின் மரவிளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மகன் நெற்றியில் கை வைத்தான். கஜன் என்று வைத்துக்கொள்வோம். இருபத்திரண்டு வயது. ஒரு பிளாசாவின் கார்த் தரிப்பிடத்தில் நடந்த அடிபாட்டில் ஒருவருக்குத் தலையில் காயம். அதில் கஜனும் ஓர் ஆள். தகப்பன் இல்லை. அவனைப் பொறுப்பெடுக்க உலகத்தில் இருந்தது அந்தக் கூண்டில் வாயைத் திறக்காமல் நின்ற மனுசி ஒன்றுதான்.

"ஓம்" என்று ஒரு சொல். அதைச் சொன்னால் பிள்ளை வீட்டுக்கு வருவான். சொல்லாவிட்டால் வழக்கு முடியுமட்டும் மறியலில் கம்பி எண்ணிக்கொண்டு கிடப்பான். அது ஒரு வருடமும் ஆகலாம், கூடவும் ஆகலாம். அது அம்மாவுக்கும் தெரியும். வழக்கறிஞர்கள் விளங்கப்படுத்தித்தான் ஏற்றியிருந்தார்கள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "ஓம் எண்டு சொல்லித் துலையன் மனுசி" என்று என் மனம் கத்தியது. ஆனால் என் வாய்க்கு அங்கே வேலை இல்லை.

என் வேலை

போன வாரம் இந்தப் பத்தியில் நான் நீதிமன்றத்தில் வேலைக்குச் சேர்ந்த கதையை எழுதியதும், ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், பிக்கரிங்கில் இருந்து ஒரு வாசகர் போன் எடுத்து, "நீங்கள் அங்கை மொழிபெயர்ப்பாளராகத்தானே இருந்தனீங்கள்?" என்று கேட்டார். இல்லை ஐயா. தமிழ்ப் பெண் நீதிமன்றத்தில் நின்றால் மொழிபெயர்ப்புக்குத்தான் வந்தவள் என்று எங்கள் சனம் முடிவே கட்டிவிட்டது.

நான் கிளார்க். நீதிபதியின் மேசைக்குக் கீழே, சனத்தைப் பார்த்தபடி இருக்கிற ஆள். நீதிபதி வரும்போது "எல்லோரும் எழும்புங்கள்" என்று சொல்வதும், குற்றச்சாட்டை வாசிப்பதும், சாட்சியிடம் சத்தியம் வாங்குவதும் என் வேலை. மற்ற நேரம் முகத்தைக் கல் மாதிரி வைத்திருக்க வேண்டும். தமிழ் வழக்கு வந்தால் இன்னும் கரைச்சல். எனக்கு எல்லாம் இரண்டு தரம் கேட்கும், முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். சிரிப்பு வந்தாலும் அழுகை வந்தாலும் மற்றவர்களுக்கு முந்தியே வந்துவிடும். அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் மூர்த்தி என்றொரு கோயம்புத்தூர்க்காரர். கெட்டிக்காரர். நீதிபதி "நான்" என்றால் இவரும் "நான்" என்பார், சாட்சி "நான்" என்றால் இவரும் "நான்" என்பார். அதுதான் அந்த வேலையின் ஒழுங்கு. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

அன்று நீதிபதி ஆசனத்தில் இருந்தவர் ஐரிஷ்காரர்.

பெட்டி ஏற்றிய நீதிபதி

அவருடைய பெயரை எழுதமாட்டேன். ஓய்வு பெற்று நிம்மதியாக இருக்கிற மனுசன். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் ஐரிஷ்காரர்தான். பின்னேரம் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றமுதல் என் கணவர் கேட்பார், "இண்டைக்கு உன்ரை ஐரிஷ்காரர் என்ன சொன்னவர்?" வழக்கைப் பற்றி வீட்டில் வாய் திறக்கக்கூடாது. மனுசனைப் பற்றித் திறக்கலாம்தானே.

நெட்டை, ஒல்லி, குளிர் காலத்தில் காது இரண்டும் செக்கச்செவேலென்று இருக்கும். அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊர். தகப்பன் பால் லொறி ஓட்டியவர். சட்டம் படித்து முடித்துவிட்டு இளவயதில் ரொறன்ரோவுக்கு வந்தாராம். வந்த இடத்தில், உன் படிப்பு இங்கே செல்லாது, திரும்பப் படி என்றுவிட்டார்கள். சோற்றுக்கு வழி? மிசிசாகாப் பக்கம், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. இரண்டு மாரி காலம், பனிக்குள், ஏற்றியிருக்கிறார்.

இதை அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஆட்களில் எத்தனை ஆசிரியரும் எஞ்சினியரும் அதே இடத்தில் பெட்டி ஏற்றினார்கள். என் சொந்தத் தமையனே ஏற்றியவர். வெள்ளைக்காரனுக்கும் இந்தக் கதிதானா என்று ஒரு அற்ப சந்தோசம்.

சட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தேன், மனிசரைப் பெட்டியில் படித்தேன் என்று சொல்வார். பெட்டிக்காரர் "உள்ளே ஒன்றும் இல்லை, உடுப்புத்தான்" என்பாராம். தூக்கினால்தான் பாரம் தெரியும். நீதிமன்றத்திலும் ஆட்கள் முதலில் சொல்வது அதைத்தான் என்பார்.

பிறகு இங்கே படித்து, அரச தரப்பு வழக்கறிஞராகப் பல வருடம் இருந்தார். நன்றாக வென்றார். ஒரு நாள் ஒரு வழக்கில் வென்றுவிட்டு, இரண்டு கையிலும் கோப்புகளோடு வெளியே வந்திருக்கிறார். கதவை ஒருத்தி திறந்து பிடித்தாளாம். நிமிர்ந்து பார்த்தால், சற்று முன் அவர் மறியலுக்கு அனுப்பிய பொடியனின் தாய். கையில் பாரத்தோடு ஒரு ஆள் வருகிறது என்று திறந்துவிட்டிருக்கிறாள், அவ்வளவுதான். நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்றார். அடுத்த வருடமே அந்த வேலையை விட்டுவிட்டு குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகப் பேசப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் நீதிபதி நியமனம்.

பேர் போன வழக்கு எதுவும் அவருடையது இல்லை. பத்திரிகையில் படம் வரவில்லை. களவு, அடிபாடு, குடித்துவிட்டுக் கார் ஓடியது, புருசன் பெண்சாதி சண்டை, இப்படி நாளாந்தச் சாமான்தான். கிட்டத்தட்ட இருபது வருடம் அந்தச் சாமானை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

யாரையாவது மறியலுக்கு அனுப்ப வேண்டிய நாளில் மத்தியானம் சாப்பிடமாட்டார். தேத்தண்ணி மட்டும், அதுவும் வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுவந்த பால் தேத்தண்ணி. சும்மா சொல்லக்கூடாது, எங்கள் கலியாண வீட்டுத் தேத்தண்ணிக்குக் கிட்ட நிற்கும், அவ்வளவு சாயம். சாப்பிடாத கதையைக் கேட்டுவிட்டு என் கணவர், "என்ன, கந்தசட்டி விரதம் பிடிக்கிறாரோ?" என்று நக்கலடித்தார். அந்த மனுசனுக்கு எல்லாம் பகிடி.

இன்னொரு பழக்கமும் ஐரிஷ்காரருக்கு இருந்தது. வருத்தம், விபத்து, சாவு என்று ஏதாவது கெட்டதைச் சொல்ல நேர்ந்தால், சொல்லுமுன் வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். தன் பாசையில். மேசைக்குக் கீழே இருக்கிற எனக்கு மட்டும் கேட்கும். ஒரு நாள் என்னவென்று கேட்டேன். எங்களுக்கும் கெடுதிக்கும் நடுவில் கடவுள் நிற்கட்டும் என்று அர்த்தமாம். தன் தாயின் வீட்டில் அதைச் சொல்லாமல் கெட்ட கதை கதைக்க முடியாதாம். கதைத்தால் கெடுதி தன்னைக் கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடுமாம்.

"படித்த மனுசன், இன்னும் விடவில்லை," என்று தன்னைத்தானே நொந்துகொண்டார்.

அன்று காலையில்தான் என் மகள், ரயில் நின்றுவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, "காலங்காத்தாலை உந்த வாயை வைக்காதை" என்று ஏசிவிட்டு வந்திருந்தேன்.

எங்கள் வாய்

இதை எங்கள் வாசகர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வீட்டை விட்டு வெளிக்கிடும்போது "போறன்" என்று சொல்கிற தமிழன் உண்டா? "போட்டு வாறன்" என்றால்தான் வாசல் தாண்டலாம். அரிசி முடிந்தது என்று சொல்லமாட்டோம், அரிசி வாங்க வேண்டும் என்போம். மற்றவனைப் பற்றி என்ன கோதாரியும் கதைப்போம். பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு கெட்ட சொல்லு, வாயால் வராது. அதுவும் தாயின் வாயால் வரவே வராது. தாய் சொன்னால் பலித்துவிடும் என்று பயம்.

இதில் முழுதாக மாட்டுப்பட்டவர் என் கணவர். அவர் ஆயுள் காப்புறுதி விற்றவர்.

நினைத்துப் பாருங்கள். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில், லிப்ற் வேலை செய்யாத நாளில் பதினைந்து மாடி ஏறிப்போய், கதவைத் தட்டி, தேத்தண்ணி குடித்து, ஊர்க் கதை கதைத்து, கடைசியில் "நீங்கள் செத்தால்" என்று தொடங்க வேண்டும். தொடங்கினால் வீட்டுக்கார அம்மா அடுப்படிக்குள் போய்விடுவா. ஐயா ரீவீச் சத்தத்தைக் கூட்டிவிடுவார். முதல் ஆறு மாதம் ஒன்றும் விற்கவில்லை.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். சாவைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். "நான் நாளைக்குச் செத்துப் போனன் எண்டு வையுங்கோ அண்ணை. என்ரை மனுசி, பிள்ளையள் என்ன செய்யுங்கள்? நீங்களே சொல்லுங்கோ." உடனே அந்த வீடு முழுக்க அவருடைய விதவையை, அதாவது என்னை, எப்படிக் காப்பாற்றுவது என்று யோசிக்கத் தொடங்கும். யோசித்து முடிய, தாங்களும் ஒன்று எடுப்பார்கள்.

இப்படியே அவர் ரொறன்ரோ முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் செத்துச் செத்துத்தான் எங்களுக்கு வீடு வாங்கினார். நான் திட்டாத நாள் இல்லை. இன்றைக்கும் குத்துக்கல்லு மாதிரி இருக்கிறார்.

மகன் வந்த விதம்

சரி, கூண்டில் நிற்கிற அம்மாவிடம் திரும்பி வருவோம். பாவம், எவ்வளவு நேரமாக நிற்க வைத்துவிட்டேன்.

வழக்கறிஞர் பெண், தனக்கு இனிக் கேள்வி இல்லை, பிணையாளி பதில் சொல்ல மறுத்ததைக் கவனத்தில் எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பொலிசைக் கூப்பிடத் துணியாத தாயிடம் எப்படிப் பிள்ளையை ஒப்படைப்பது?

ஐரிஷ்காரர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாய்க்குள் அந்த முணுமுணுப்பு. எனக்கு மட்டும் கேட்டது. எதற்கு இப்போது என்று நினைத்தேன்.

"அம்மா, உங்கள் மகனை ஒரு பக்கம் விடுவோம்," என்றார். "என் மகனைப் பற்றிக் கேட்கிறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவருக்கு ஏது மகன்? அவருடைய அறையில் படம் இருக்கிறது. மூன்றும் பெண்கள்.

"என் மகனை நீதிமன்றம் என் பொறுப்பில் விட்டிருக்கிறது. வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது, கூடாத சிநேகிதர்களோடு சேரக்கூடாது என்று உத்தரவு. நான் சொல்வதைக் கேட்காமல் போய்விடுகிறான். நான் தகப்பன். என்ன செய்ய வேண்டும்? பிள்ளை வளர்த்தவர் நீங்கள், சொல்லுங்கள்."

மூர்த்தி ஒழுங்கு தவறாமல், "என் மகன்" என்றே அதைத் தமிழில் சொன்னார்.

அம்மா தலையை நிமிர்த்தினார். நீதிபதியை ஒரு பார்வை பார்த்தார். அப்படி ஒரு இரக்கம் அந்தக் கண்ணில். அது எனக்கு அன்று விளங்கவில்லை. பிறகு மெதுவாக ஜக்கற்றின் சிப்பைக் கீழே இழுத்தார்.

"முதல் நீங்கள் ஆறுதலாச் சொல்லிப் பாருங்கோ ஐயா. பிறகு தாயைக்கொண்டு சொல்லுவியுங்கோ. அப்பவும் கேக்கேல்லையெண்டா பொலிசுக்குப் போன் அடியுங்கோ. யோசிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ. யோசிச்சா கை வராது."

மூர்த்தி ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்கு முன்னமே நான் குனிந்து பேனையைத் தேடுவது போல் பாவனை செய்தேன். பின் வாங்குப் பலகைகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வழக்கறிஞர் பெண் எழும்பி, மிகவும் மரியாதையாக, நீதிபதி அவர்களின் மகன் இன்று இந்த நீதிமன்றத்தின் முன் இல்லை என்றாள். அதற்குக் கடவுளுக்கு நன்றி என்றார் ஐரிஷ்காரர். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"எனக்குச் சொன்னதை நீங்களும் செய்வீர்களா?"

"ஓம் ஐயா," என்றார் அம்மா. உடனே, "சிவ சிவா, அப்பிடி ஒண்டும் வராது. ஆனா ஓம்."

சாட்சியாக அது போதும் என்றார் ஐரிஷ்காரர். கஜன் அன்று வீட்டுக்குப் போனான். வேலைக்கும் வழக்கறிஞரிடமும் கோயிலுக்கும் தவிர வெளியே போகக்கூடாது, போனாலும் தாயோடு. அடிபாட்டில் நின்ற சிநேகிதன் ஒருவனோடு பேச்சு வார்த்தையே கூடாது.

இடைவேளையில் எனக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் மகன் கதையைக் கேட்கவில்லை. அவரே தொடங்கினார். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது மூன்று பெண்களில் ஒருத்தியின் பெயரைத்தான் சொல்ல நினைத்தாராம். மூத்தவள் வாயில் வரவில்லை. நடுவிலாளும் வரவில்லை. கடைக்குட்டியை நினைக்கவே மனம் வரவில்லையாம். அந்த அந்தரத்தில், இல்லாத ஒருத்தனைப் பிறப்பித்துவிட்டேன் என்றார்.

வீட்டில் என் கணவருக்கு, ஊர் பேர் சொல்லாமல், ஐரிஷ்காரரும் கெடுதியைத் தன் தலையில் போடத் தெரிந்தவர் என்று மட்டும் சொன்னேன். "அந்தாள் என்னோடை வேலைக்கு வந்திருக்கலாம்," என்றார்.

சனிக்கிழமை பின்னேரம்

கோடை வந்தது. நான் அந்த அம்மாவை மறந்துபோனேன். ஒரு நாளைக்கு எத்தனை அம்மா.

ஒரு திங்கட்கிழமை காலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கஜன் நின்றான். கட்டைக் காற்சட்டை, பூப்போட்ட சேட். விருந்துக்குப் போன உடுப்போடு பிடித்து வந்திருக்கிறார்கள் என்று பார்க்கவே தெரிந்தது.

நடந்தது இதுதான். சனிக்கிழமை பின்னேரம், வெய்யில் எரித்துக்கொண்டிருந்த நேரம், அதே சிநேகிதன் பிக்கரிங்கில் புது வீடு வாங்கி, பின்வளவில் இறைச்சி வாட்டியிருக்கிறான். கஜன் தாயிடம் சொல்லாமல் போய்விட்டான். அம்மா போன் எடுத்து, வா என்றார். வாறன் என்றான், வரவில்லை. திரும்ப எடுத்தார். கட் பண்ணிவிட்டான். பிறகு அவர் பொலிசுக்கு எடுத்தார். தெரிந்த இங்கிலிசில், மகன் இன்ன இடத்தில் நிற்கிறான், நீதிமன்றம் வேண்டாம் என்ற ஆளோடு நிற்கிறான், வந்து பிடியுங்கோ என்று விலாசமும் கொடுத்திருக்கிறார். பொலிஸ் போனபோது பொடியன் கையில் கடதாசிக் கோப்பையோடு நின்றானாம்.

இப்போது கரைச்சல் இரட்டிப்பு. பழைய பிணை போய்விட்டது. நிபந்தனையை மீறியதற்குப் புதுக் குற்றச்சாட்டு. இப்படி வந்தவனைத் திரும்ப வெளியே விடு என்று கேட்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதுவும் அதே தாயின் பொறுப்பில்.

பத்திரிகையைக் கடைசிப் பந்தியில் இருந்து வாசிக்கிற ஆட்கள் உங்களுக்குள் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். உங்களுக்காக முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். விட்டார்கள். பிணை ஏற்பாடு தோற்றுவிட்டது என்று அரச தரப்புச் சொன்னது. ஏற்பாடு இவ்வளவு சரியாக வேலை செய்ததை என் வாழ்நாளில் பார்க்கவில்லை, இந்த அம்மாவை விட நல்ல பிணையாளியை நான் எங்கே தேடுவேன் என்று ஐரிஷ்காரர் தீர்ப்பில் சொன்னார். அதன்பிறகு பொடியன் வாசல் தாண்டவில்லை. காயம்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு, சமூக சேவையோடு வழக்கு முடிந்தது. இப்போது மிசிசாகாவில் ஒரு அலுவலகத்தில் வேலை. தாய்தான் பக்கத்து சீற்றில் இருந்து கார் ஓட்டப் பழக்கினவவாம்.

ஐரிஷ்காரரும் அதற்கு அடுத்த வருடம் ஓய்வு பெற்றார். பிரியாவிடையில் அவருக்குக் கேக் வெட்டினோம். யாரையும் மறியலுக்கு அனுப்பாத நாளாகப் பார்த்து வைத்தபடியால் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது தீர்ப்பை அல்ல. தீர்ப்புக்கு முன் நடந்ததை.

வெள்ளிக்கிழமை

அந்தத் திங்கட்கிழமையே அம்மா கூண்டில் ஏறினார். இந்த முறை ஜக்கற் இல்லை, கோடைதானே. ஆனால் முகம் வாடிக் கறுத்திருந்தது. மகன் தாயைத் திரும்பியும் பார்க்கவில்லை. பார்க்கமாட்டேன் என்று முடிவெடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றான். சொந்தத் தாய் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்ற கோபம் பிடரியில் தெரிந்தது.

அன்று கஜனின் பிணைக்குப் பேசிய வழக்கறிஞர், ஏன் பொலிசைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

"ஐயாவுக்குச் சொன்னனான்தானே," என்றார் அம்மா. "அவரின்ரை மகனெண்டால் பொலிசுக்கு அடியுங்கோ எண்டு வாய் கூசாமல் சொன்னனான். என்ரை மகனெண்டால் மட்டும் பொத்திக்கொண்டு இருக்கலாமோ? அதாலை நான் யோசிக்கேல்லை. யோசிச்சா கை வராது."

ரிசுவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நேராக நீதிபதியைப் பார்த்தார். வழக்கறிஞர் அடுத்த கேள்வியை எடுக்குமுன் அவரே தொடங்கிவிட்டார்.

"ஐயாவின்ரை மகன் இப்ப எப்பிடி இருக்கிறார்?"

ஐயோ, எனக்கு அப்போதுதான் விளங்கியது. மாரியில் அந்தக் கண்ணில் நான் பார்த்த இரக்கம். பெற்ற தகப்பன், பத்துப் பேர் முன்னால், தன் பிள்ளையைப் பற்றிச் சும்மா ஒரு பேச்சுக்கு அப்படிக் கெட்ட கதை சொல்வானா? சொல்லமாட்டான். ஆகவே அது உண்மை. அந்த மனுசிக்கு அதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் அப்படி நினைத்திருக்கமாட்டார்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

மூர்த்தி கேள்வியை ஆங்கிலத்தில் சொன்னார். ஐரிஷ்காரர் பேனையைக் கீழே வைத்தார். அம்மா விடவில்லை. தான் வெள்ளிக்கு வெள்ளி கோயிலில் கஜனின் பெயருக்கு அருச்சனை செய்யும்போது, ஐயாவின் மகனுக்கும் சேர்த்துத்தான் செய்து வருகிறாராம். பெயர் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது. குருக்கள் ஐயா முதல் நாள் முகத்தைச் சுளித்தவராம். பிறகு, சரி அம்மா, நீதவானின் மகன் என்று சொல்லுவோம், சுவாமிக்குத் தெரியும் ஆள் ஆரெண்டு என்றாராம்.

மூர்த்தி "அருச்சனை"யில் ஒரு கணம் நின்று, ஒருவருடைய பெயரைச் சொல்லிச் செய்யும் வழிபாடு என்று சொன்னார். வழக்கறிஞர் பெண் எழும்பவில்லை.

எனக்குப் பயம் பிடித்தது. மகன் நலம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டு ஐரிஷ்காரர் தப்பியிருக்கலாம். ஆனால் அந்த அறையில் சொல்கிற எல்லாம் பதிவாகும், அங்கே பொய் சொன்னவர்களைத்தான் அவர் இருபது வருடம் விசாரித்தார். உண்மையைச் சொன்னாலோ, இந்த மனுசி என்ன ஆவாள்? இல்லாத ஒரு பிள்ளையைப் பார்த்து, இருக்கிற தன் பிள்ளையைப் பொலிசில் பிடித்துக் கொடுத்துவிட்டு நிற்கிறாள். என்னை ஏமாத்திப்போட்டியள் என்று கத்தினால் நாங்கள் ஒருவரும் பதில் சொல்ல முடியாது.

ஐரிஷ்காரர் கண்ணாடியைக் கழற்றினார். காது சிவந்திருந்தது, கோடை காலத்தில்.

"எனக்கு மகன் இல்லை அம்மா," என்றார். "மூன்று பெண்கள்தான். அன்றைக்கு உங்களிடம் கேட்பதற்காக ஒரு மகனை நினைத்துக்கொண்டேன். என் சொந்தப் பிள்ளைகளைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் செய்த வழிபாட்டுக்கு நன்றி. உங்களைக் கவலைப்பட வைத்ததற்கு மன்னியுங்கள்."

மூர்த்தி சொல்லி முடிக்கும்வரை அம்மா அசையவில்லை. நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கத்தவில்லை. பெரிதாக ஒரு மூச்சு விட்டார். அதில் கோபம் இல்லை. நீதிபதி வீட்டில் அப்படி ஒரு கவலை இல்லையாம் என்ற ஆறுதல்தான் இருந்தது. பிறகு திரும்பி, கண்ணாடிப் பெட்டிக்குள் சுவரைப் பார்த்தபடி நிற்கிற மகனைப் பார்த்துச் சொன்னார்.

"அப்ப அந்த அருச்சனையும் இவனுக்கே சேரட்டும்."

மூர்த்தி ஆங்கிலத்தில் தொடங்கினார். அந்தச் சொல் நீதிபதியிடம் போய்ச் சேருமுன்பே, கஜன் தாயின் பக்கம் திரும்பி, நெற்றியைக் கண்ணாடியில் முட்டுக்கொடுத்து அழுதுகொண்டிருந்தான்.